லினக்ஸில் கணினி விளையாட்டுகள்

லினக்ஸ் இயங்குதளத்தில் இன்று ஆடப்படும் கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை லினக்ஸுக்காக எழுதப்பட்டவை அல்ல. விண்டோஸுக்கென எழுதி விற்கப்படும் விளையாட்டுகளே, இடையில் நின்று மொழிமாற்றும் மென்பொருள்களின் துணையோடு லினக்ஸில் ஓடுகின்றன. ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் விளையாட்டுகள் சிலவற்றில்தான் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. அதைச் சாத்தியவர்கள் அந்த விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனங்கள். அதில் லினக்ஸின் திறமைக் குறைவுக்குப் பங்கு மிகக் குறைவு. லினக்ஸுக்கு மாற எண்ணுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இது.

இந்தக் கேள்வி அண்மையில் பல வீடுகளில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் இல்லாத கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. நல்ல நிலையில் ஓடும் கணினியைக் கழித்துக்கட்ட மனமில்லாதவர்கள் லினக்ஸைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இணையத்தில் உலாவவும் லினக்ஸ் போதும் என்பதில் பெரிய ஐயம் யாருக்கும் இல்லை. வீட்டிலுள்ள இளையவர்கள் கேட்பது "கேம் ஓடுமா?" என்பதைத்தான்.

மொழிமாற்றம் ஏன் தேவைப்படுகிறது

ஒரு விளையாட்டு தன் வேலைகள் அனைத்தையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறக்க, ஒலியை எழுப்ப, திரையில் ஒரு முக்கோணத்தை வரைய என்று ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்திடம் விண்ணப்பம் போடுகிறது. (முப்பரிமாண விளையாட்டில் காணும் மலையும் மனிதரும் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆனவை.) விண்டோஸில் படம் வரைவதற்கான விண்ணப்ப முறைக்கு டைரக்ட்எக்ஸ் என்று பெயர். 1995ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் இதை வெளியிட்டது. லினக்ஸுக்கு இந்த முறை தெரியாது. வட்டாட்சியர் அலுவலகத்துப் படிவத்தை நிரப்பி அஞ்சலகத்தில் நீட்டினால் வேலை நடக்காதல்லவா, அதே நிலைமைதான்.

ஆனால் இரண்டு இயங்குதளங்களும் ஒரே வகைச் செயலியின் மேல் இயங்குகின்றன. எனவே விளையாட்டின் கட்டளைகளைச் செயலி நேரடியாகவே நிறைவேற்றிவிடும். மாற்ற வேண்டியது விண்ணப்பங்களை மட்டுமே. இந்தப் பணியைச் செய்யும் ஒயின் என்ற கட்டற்ற மென்பொருள் 1993இல் தொடங்கப்பட்டது. 1994 முதல் அதை அலெக்சாந்தர் ஜூலியார் வழிநடத்துகிறார். முதல் முழுப் பதிப்பு 2008 ஜூன் மாதத்தில்தான் வந்தது. பதினைந்து ஆண்டுகள் எடுத்ததற்குக் காரணம், விண்டோஸின் உள்வேலைகள் வெளியே தெரியாதவை என்பதே. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் விண்டோஸ் என்ன விடை தரும் என்பதை வெளியிலிருந்து சோதித்துச் சோதித்துத்தான் எழுத வேண்டியிருந்தது.

லோகி நிறுவனத்தின் கதை

மொழிமாற்றம் வேண்டாம், விளையாட்டையே லினக்ஸுக்கு மாற்றி எழுதிவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. புகழ்பெற்ற டூம் விளையாட்டு 1994இலேயே லினக்ஸுக்கு வந்தது. 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட லோகி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம், பிறர் உருவாக்கிய விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றிப் பெட்டியில் போட்டு விற்றது. 2002 ஜனவரியில் அது மூடப்பட்டது. விண்டோஸ் பதிப்பு வெளிவந்து மாதங்கள் கழித்துத்தான் லினக்ஸ் பதிப்பு வரும். அதுவரை காத்திருக்க ஆர்வலர்களுக்குப் பொறுமை இல்லை. வாங்குவோர் குறைவு என்பதால் நிறுவனங்கள் லினக்ஸுக்கு எழுதவில்லை. விளையாட்டுகள் இல்லை என்பதால் ஆடுவோர் லினக்ஸுக்கு வரவில்லை. இந்தச் சுழல் அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

லோகி மூடப்பட்டாலும் அதன் ஊழியர் சாம் லாண்டிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் என்ற நிரல் தொகுப்பு வாழ்ந்தது. விசைப்பலகை, ஒலி, திரை ஆகியவற்றை எந்த இயங்குதளத்திலும் ஒரே விதமாகக் கையாள அது உதவுகிறது. இன்றும் எண்ணற்ற விளையாட்டுகளின் அடியில் அதுவே இருக்கிறது.

வால்வு நிறுவனமும் புரோட்டானும்

திருப்பம் ஏற்பட்டது ஒரு வணிகனின் அச்சத்தால். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வு நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், 2012இல் விண்டோஸ் 8 கணினித் துறைக்கே பேரிடர் என்று வெளிப்படையாகக் கூறினார். விண்டோஸ் 8இல் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தச் செயலிக் கடையைத் திறந்திருந்தது. இடத்துக்குச் சொந்தக்காரரே பக்கத்தில் அதே வணிகத்தைத் தொடங்கினால் வாடகைக்கு இருப்பவருக்குத் தூக்கம் வருமா? 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் வெளியானது. 2015இல் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் கொண்ட விளையாட்டுப் பெட்டிகளைப் பல நிறுவனங்கள் விற்றன. அவை படுதோல்வி அடைந்தன. வாங்கியவர் ஆட விரும்பிய விளையாட்டுகள் அதில் இல்லை. லோகியை விழுங்கிய அதே சுழல்தான்.

அடுத்த முறை வால்வு வேறு வழியில் சென்றது. 2016இல் வெளியான வல்கன் என்ற வரைகலை முறை, எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொதுத் தரம். பிலிப் ரெபோலே என்பவர் நியர் ஆட்டோமேட்டா என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, டைரக்ட்எக்ஸ் 11 விண்ணப்பங்களை வல்கனுக்கு மொழிமாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். வால்வு அவருடைய பணிக்கு ஊதியம் தந்து, ஒயினையும் டிஎக்ஸ்விகேயையும் இணைத்து 2018 ஆகஸ்ட் மாதத்தில் புரோட்டான் என்ற பெயரில் வெளியிட்டது. ஒயினின் முதன்மைப் பங்களிப்பாளரான கோட்வீவர்ஸ் நிறுவனம் இதில் உடன் உழைத்தது. விளையாட்டு நிறுவனங்கள் எதையும் மாற்றி எழுதத் தேவையில்லை என்பதால் சுழல் அறுந்தது. ஏற்கெனவே வாங்கி வைத்த விண்டோஸ் விளையாட்டையே லினக்ஸில் நிறுவி ஆடலாம் என்றானது.

2022 பிப்ரவரியில் வெளியான ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி இதன் பயனை எல்லோருக்கும் காட்டியது. ஏழு அங்குலத் திரை கொண்ட அக்கருவி ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ்ஸில் இயங்குகிறது. வாங்கியவர்களில் பலருக்குத் தாம் லினக்ஸ் பயன்படுத்துவதே தெரியாது. மொழிமாற்றத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது. அதே மாதம் வெளியான எல்டன் ரிங் என்ற விளையாட்டு விண்டோஸில் அவ்வப்போது திக்கித் திணறியது. லினக்ஸ் பக்கத்தில் வால்வின் நிரலர்கள் மொழிமாற்ற அடுக்கிலேயே அதற்கு ஒரு தீர்வு செய்துவிட்டார்கள். மூல விளையாட்டைத் தொடாமலே மொழிபெயர்ப்பாளர் பிழை திருத்திய கதை இது.

மொழிமாற்றத்தால் வேகம் குறையும் என்பது பொதுவான எண்ணம். சில விளையாட்டுகளில் அது உண்மை. வேறு சிலவற்றில் ஒரே கருவியில் விண்டோஸைவிட லினக்ஸ் வேகமாக ஓடுகிறது. லினக்ஸின் உட்கருவான கர்னலிலேயே இதற்கான பணிகள் நடந்துள்ளன. 2022இல் வந்த 5.16 பதிப்பிலும் 2025இல் வந்த 6.14 பதிப்பிலும், ஒரு விளையாட்டின் பல இழைகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் விண்டோஸ் முறையைத் திறம்படச் செய்யும் வசதிகள் சேர்க்கப்பட்டன.

வால்வு வெளியிடும் கணினிக் கணக்கெடுப்பில், ஸ்டீம் பயனர்களிடையே லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. நூற்றில் மூவர் என்பது சிறுபான்மைதான். ஆயினும் ஆப்பிளின் மேக் கணினிகளில் ஸ்டீம் வைத்திருப்போரைவிட இவர்கள் அதிகம்.

இதில் ஒரு கவலையும் இருக்கிறது. புரோட்டானின் நிரல் பெரும்பாலும் திறமூலம். யாரும் எடுத்துத் தொடரலாம். ஹீரோயிக், லூட்ரிஸ் போன்ற மென்பொருள்கள் பிற கடைகளின் விளையாட்டுகளையும் இதே வழியில் ஓட்டுகின்றன. ஆனால் ஸ்டீம் கடை மூடிய மென்பொருள். டிஎக்ஸ்விகே முதல் வரைகலை இயக்கிகள் வரை பல திட்டங்களில் உழைப்போருக்கு ஊதியம் தருவதும் அந்த ஒரே நிறுவனம். நாளை அதன் எண்ணம் மாறினால் நிரல் மிஞ்சும். அதைப் பராமரிக்கும் கைகள் குறையும்.

லினக்ஸுக்கென்றே எழுதப்பட்டவை

வால்வின் கவுன்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 போன்றவை மொழிமாற்றமின்றி லினக்ஸில் ஓடுகின்றன. இதுவே சிறந்த வழி என்று தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. லினக்ஸ் கர்னல் பழைய நிரல்களை முறிப்பதில்லை என்ற வாக்கை உறுதியாகக் காக்கிறது. ஆனால் அதற்கு மேலுள்ள நிரல் தொகுப்புகள் அவ்வப்போது மாறிவிடுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் லினக்ஸுக்கென வெளியிட்டு அப்படியே விடப்பட்ட விளையாட்டு இன்று திறக்க மறுக்கலாம். அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் சிக்கலின்றி ஓடும். லினக்ஸின் மிக நிலையான விளையாட்டுத் தளம் விண்டோஸின் விண்ணப்ப முறையே என்று நிரலர்கள் வேடிக்கையாகச் சொல்வது இதனால்தான். வேடிக்கை என்றாலும் கசப்பான வேடிக்கை.

வரைகலை அட்டைகள்

ஏஎம்டி நிறுவனத்தின் அட்டைகளுக்கான இயக்கிகள் திறமூலமாகக் கர்னலுடனேயே வருகின்றன. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. புதிதாக வாங்குவோர்க்கு இதுவே தொல்லை குறைந்த வழி. என்விடியாவுடனான உறவு நெடுங்காலம் கசந்திருந்தது. 2012இல் பின்லாந்தில் நடந்த ஒரு கலந்துரையாடலில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒளிப்படக் கருவியைப் பார்த்து நடுவிரலைக் காட்டி அந்நிறுவனத்தைத் திட்டியது பலரும் அறிந்த செய்தி. 2022 மே மாதத்தில் என்விடியா தன் இயக்கியின் கர்னல் பகுதியைத் திறமூலமாக்கியது. எஞ்சிய பகுதி இன்னும் மூடியே இருக்கிறது. நிலைமை மிகவும் தேறியிருந்தாலும், டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகள் பலவற்றில் அந்த அட்டைகள் லினக்ஸில் விண்டோஸைவிடச் சற்று மெதுவாகவே ஓடுகின்றன.

பெரிய தொலைக்காட்சியில் ஆட விரும்புவோர்க்கு ஒரு எச்சரிக்கை. எச்டிஎம்ஐ 2.1 தரத்தைத் திறமூல இயக்கியில் சேர்க்க ஏஎம்டி நிரல் எழுதி முடித்து அனுமதி கேட்டபோது, அத்தரத்துக்கு உரிமையுள்ள எச்டிஎம்ஐ கூட்டமைப்பு 2024இல் மறுத்துவிட்டது. 4கே தெளிவில் நொடிக்கு 120 படங்களை முழு நிறத் தரத்துடன் அந்தக் கம்பிவழி அனுப்ப அத்தரம் தேவை. கணினித் திரைகளில் உள்ள டிஸ்பிளே போர்ட் இணைப்புக்கு இத்தகைய தடை இல்லை.

அழுகுணி ஆட்டமும் அதைத் தடுக்கும் மென்பொருளும்

இணையத்தில் பலர் மோதும் விளையாட்டுகளில் சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டுவது, குறி தானாகவே எதிரியின் தலையில் நிற்பது போன்ற கள்ள நிரல்களைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் செய்யும் அழுகுணி ஆட்டம் மற்ற அனைவரின் ஆட்டத்தையும் கெடுக்கும். எனவே ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளின் தேவையை யாரும் மறுக்கவில்லை. அது கணினியின் எந்த ஆழம் வரை இறங்கலாம் என்பதே வழக்கு. வாலரன்ட் விளையாட்டின் வேன்கார்ட் போன்றவை விண்டோஸ் கர்னலின் ஒரு பகுதியாகவே, கணினி தொடங்கும்போதே ஏறிக்கொள்கின்றன. அதாவது வீட்டுக்கு விருந்தாக வந்தவர் எல்லா அறைகளின் சாவியையும் கேட்கிறார்.

லினக்ஸில் இதை அப்படியே செய்ய வழியில்லை. கர்னலின் மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது. பயனர் அதைத் திருத்தித் தானே தொகுத்துக்கொள்ளலாம். பயனரை நம்பாத மென்பொருள், பயனரே திருத்தக்கூடிய கர்னலை எப்படி நம்பும்? நிறுவனங்களின் இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 அக்டோபர் இறுதியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டு லினக்ஸ் பயனர்களை விலக்கியபோது, லினக்ஸின் திறந்த தன்மை கள்ள நிரல் எழுதுவோர்க்குக் கவர்ச்சியான பாதையாகிவிட்டதாக அதன் நிறுவனம் கூறியது.

இருப்பினும் நடைமுறையைப் பார்த்தால் இந்த வாதம் முழுமையாக நிற்பதில்லை. ஈசி ஆன்டி சீட், பேட்டில்ஐ என்ற இரு பெரும் தடுப்பு மென்பொருள்களும் 2021 முதலே புரோட்டானில் இயங்க வழி செய்துள்ளன. விளையாட்டு நிறுவனம் அனுமதித்தால் போதும். எல்டன் ரிங் பயன்படுத்துவது ஈசி ஆன்டி சீட், லினக்ஸில் ஓடுகிறது. ஃபோர்ட்நைட் பயன்படுத்துவதும் அதே ஈசி ஆன்டி சீட், லினக்ஸில் ஓடுவதில்லை. அந்த மென்பொருளும் ஃபோர்ட்நைட்டும் எபிக் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்பது இதில் கவனிக்கத்தக்கது. கர்னல் வரை இறங்கும் தடுப்பு உள்ள விண்டோஸிலும் கள்ள ஆட்டம் ஒழியவில்லை. நினைவகத்தை வெளியிலிருந்து படிக்கும் தனி வன்பொருள் அட்டைகளைப் பொருத்தி ஏமாற்றுவோர் அங்கே இருக்கிறார்கள்.

வாங்கியவரின் உரிமை இங்கே காற்றில் ஆடுகிறது. ஜிடிஏ ஆன்லைன் ஸ்டீம் டெக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் அதில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டது. லினக்ஸுக்கான அனுமதி தரப்படவில்லை. முன்பே பணம் கொடுத்து வாங்கி ஆடிவந்தவர்கள் ஒரே நாளில் இணைய ஆட்டத்திலிருந்து வெளியே நின்றார்கள். எனவே ஒருவர் லினக்ஸுக்கு மாறுமுன் தாம் நண்பர்களோடு கூடி ஆடும் விளையாட்டுகளின் நிலையைத் தனித்தனியே சரிபார்ப்பது நல்லது. புரோட்டான்டிபி என்ற தளத்தில் ஒவ்வொரு விளையாட்டைப் பற்றியும் ஆடியவர்களே எழுதிய அனுபவங்கள் உள்ளன. இன்று ஓடுவது நாளையும் ஓடும் என்ற உறுதியை மட்டும் அந்தத் தளத்தால் தர முடியாது.

ஸ்ட்ரீமிங்

இச்சொல் இரு வேறு செயல்களைக் குறிக்கிறது. முதலாவது, விளையாட்டு வேறொரு கணினியில் ஓட, அதன் படம் மட்டும் நம் திரைக்கு வருவது. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் இதைத் தொடங்கியது. அதன் வழங்கிகள் லினக்ஸிலும் வல்கனிலும் இயங்கியதால் நிறுவனங்கள் லினக்ஸுக்கு எழுதப் பழகும் என்று ஆர்வலர்கள் நம்பினார்கள். 2023 ஜனவரி 18 அன்று ஸ்டேடியா மூடப்பட்டது. அதற்கென எழுதிய பதிப்புகள் பெரும்பாலும் வீட்டு லினக்ஸுக்கு வரவே இல்லை. இன்று என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் சேவையை லினக்ஸில் உலாவி வழியே பயன்படுத்தலாம். ஸ்டீம் டெக்குக்கு 2025இல் தனிச் செயலியே வந்தது. லினக்ஸில் நேரடியாக நுழைய முடியாத ஃபோர்ட்நைட்டை இவ்வழியில் ஆட முடிகிறது. கணினி அப்போது ஒரு தொலைக்காட்சிப் பெட்டிபோல ஆகிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

தொலைவு இதன் எதிரி. நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. பொத்தானை அழுத்தியது வழங்கிக்குச் சென்று, படம் சுருக்கப்பட்டு, திரும்பி வந்து விரிக்கப்படுவதற்குள் பல படங்களின் நேரம் கழிந்துவிடும். சதுரங்கத்துக்கு அது பொருட்டல்ல; சண்டை விளையாட்டுக்கு அதுவே தோல்வி. வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் இந்தத் தாமதம் பெரிதும் குறையும். இதற்கு ஸ்டீமின் சொந்த வசதி இருக்கிறது. சன்ஷைன் என்ற அனுப்பும் மென்பொருளும் மூன்லைட் என்ற பெறும் மென்பொருளும் சேர்ந்த திறமூல இணை இருக்கிறது. என்விடியா 2023இல் தன் கேம்ஸ்ட்ரீம் வசதியைக் கைவிட்டபோது பலருக்குக் கைகொடுத்தது இந்த இணைதான்.

இரண்டாவது, தம் ஆட்டத்தைப் பிறர் காண ஒளிபரப்புவது. இதற்கு உலகெங்கும் பயன்படும் ஓபிஎஸ் ஸ்டூடியோ கட்டற்ற மென்பொருள்; லினக்ஸிலும் குறைவின்றி இயங்குகிறது. வேலேண்ட் என்ற புதிய திரைமுறை வந்தபோது சிறிது காலம் இடறல் ஏற்பட்டது. பயனரின் அனுமதியின்றி எந்த மென்பொருளும் திரையைப் படம்பிடிக்கக் கூடாது என்பது வேலேண்டின் கொள்கை. பைப்வயர் என்ற இடைவழி மூலம் அனுமதி கேட்டுப் படம்பிடிக்கும் வசதி 2021இல் வந்த ஓபிஎஸ் 27இல் சேர்ந்தபின் அச்சிக்கல் தீர்ந்தது.

மெய்நிகர் உண்மை

லினக்ஸ் விளையாட்டின் பிற பகுதிகள் முன்னேறிய அளவுக்கு இது முன்னேறவில்லை. கண்ணை மூடும் ஹெட்செட் இரு கண்களுக்கும் நொடிக்கு 90 முறை அளவில் புதிய படம் காட்ட வேண்டும். தலை திரும்பியதற்கும் படம் திரும்புவதற்கும் இடையில் சற்றே தாமதித்தாலும் தலைசுற்றலும் குமட்டலும் வரும். சாதாரண விளையாட்டில் மன்னிக்கப்படும் திக்கல் இங்கே உடல்நலக் கேடு.

2015இல் ஆக்குலஸ் நிறுவனம் லினக்ஸுக்கான பணியை நிறுத்திவைத்தது. 2017 பிப்ரவரியில் வால்வு, ஸ்டீம்விஆரை லினக்ஸுக்குச் சோதனை நிலையில் வெளியிட்டது. அப்போது எழுந்த சிக்கல்களில் ஒன்று, லினக்ஸ் மேசைத்தளம் ஹெட்செட்டை மேசைமேல் வைத்த இன்னொரு திரை என எண்ணி அதில் சாளரங்களை விரித்ததுதான். குறிப்பிட்ட திரையை மேசைத்தளத்திடமிருந்து பிரித்து ஒரு மென்பொருளுக்குக் குத்தகைக்கு விடும் முறையைக் கீத் பாக்கார்ட் கர்னலில் சேர்த்தார். குத்தகை என்பதே அதன் தொழில்நுட்பப் பெயரும். வால்வ் இன்டெக்ஸ், எச்டிசி வைவ் போன்ற கம்பி இணைப்புள்ள கருவிகள் இதனால் லினக்ஸில் இயங்குகின்றன. எனினும் விண்டோஸில் உள்ள நேர்த்தியை எதிர்பார்க்க முடியாது.

மொனாடோ என்ற திறமூல மென்பொருள் இன்னொரு பாதை. ஓபன்எக்ஸ்ஆர் என்ற பொதுத் தரத்தின்படி 2019 முதல் அதை உருவாக்கி வருகிறார்கள். மெட்டாவின் குவெஸ்ட் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் அதிகாரபூர்வ மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை. குவெஸ்ட்டுக்குள் ஓடும் ஆண்ட்ராய்டே லினக்ஸ் கர்னலின் மேல்தான் நிற்கிறது என்பது முரண். அந்த இடைவெளியைத் தன்னார்வலர்களின் ஏஎல்விஆர், மொனாடோவின் மேல் கட்டப்பட்ட வைவிஆர்என் ஆகியவை அருகலை வழியே நிரப்புகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டுகளுக்கான ஆதரவை விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கியது. பணம் கொடுத்து வாங்கியவர்களின் கையில் வெறும் பெட்டி மிஞ்சியது. அவற்றுள் சிலவற்றை மொனாடோ ஓரளவு இயக்குகிறது.

2025 நவம்பரில் வால்வு ஸ்டீம் ஃபிரேம் என்ற ஹெட்செட்டை அறிவித்தது. அதனுள் இருப்பது கைப்பேசிகளில் காணும் ஆர்ம் வகைச் செயலி. ஓடுவது ஸ்டீம் ஓஎஸ். கணினியிலிருந்து கம்பியின்றிப் படம் பெறலாம், தனித்தும் இயங்கலாம். தனித்து இயங்கும்போது ஒரு விண்டோஸ் விளையாட்டுக்கு இரண்டு மொழிமாற்றங்கள் தேவைப்படும். செயலியின் கட்டளைகளை ஃபெக்ஸ் என்ற திறமூல மென்பொருள் மாற்றும்; இயங்குதள விண்ணப்பங்களைப் புரோட்டான் மாற்றும். இரண்டையும் நொடிக்குப் பல பத்து முறை, தலைசுற்றாத வேகத்தில், மின்கலத்தின் சிக்கனத்தில் செய்து முடிக்க வேண்டும்.